ஜலாலுதீன் பாய் வீட்டு நாற்காலி

அப்பா மலாய் படிக்க ஆரம்பித்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் எந்தச் சாமானும் வெறும் முகத்தோடு இருந்ததில்லை. கதவில் ஒரு சீட்டு, கண்ணாடியில் ஒரு சீட்டு, அரிசி டின்னில் ஒரு சீட்டு, சாம்பார்ச் சட்டி மூடியில்கூட ஒரு சீட்டு. மைதா மாவில் பசை காய்ச்சி, பழைய காலண்டர் தாளைக் கத்தரித்து, அந்தந்தச் சாமானின் மலாய்ப் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டிவிடுவார். ஒரு நாள் மூடியில் இருந்த சீட்டு ஆவியில் நழுவிச் சாம்பாருக்குள்ளேயே விழுந்துவிட்டது. அம்மா அதையும் சேர்த்து அப்பா தட்டில் ஊற்றி, உங்க பாஷையில உப்பு சரியா இருக்கான்னு பாருங்க என்றாள். அப்பா கோபப்படவில்லை. சீட்டை எடுத்து உதறிக் காயவைத்துத் திரும்ப ஒட்டினார்.

இதெல்லாம் அறுபத்திரண்டாம் வருஷத்துக் கூத்து. சிங்கப்பூருக்குச் சுயாட்சி வந்து, மலாய் தேசிய மொழி ஆகி, அரசாங்க உத்தியோகத்தில் இருந்த அத்தனை பேரும் பரீட்சைக்கு உருப்போட்டுக்கொண்டிருந்த காலம். டெக்கா மார்க்கெட் பக்கம் போனால் நடுத்தர வயசு ஆட்கள் உதட்டை அசைத்துக்கொண்டே எதிரில் வருவார்கள். ஏதோ மந்திரம் ஜபிக்கிறார்கள் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். எல்லாம் மலாய்தான். அப்பா பரமசிவம் அரசாங்கச் சரக்குக் கிட்டங்கி ஒன்றில் குமாஸ்தா. பாஸ் பண்ணினால் தலைமைக் குமாஸ்தா ஆகலாம், இல்லையென்றால் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டியதுதான்.

அப்பாவுக்கு மலாய் தெரியாது என்று யாரும் வாய் கூசாமல் சொல்லிவிட முடியாது. சிங்கப்பூருக்கு வந்ததிலிருந்து மார்க்கெட்டிலும் பஸ்ஸிலும் அதைத்தான் பேசிக்கொண்டிருந்தார். 'சாயா பூஞா ரூமா' என்பார். என்னோட வீடு என்று அர்த்தம். ஊருக்கெல்லாம் புரிந்தது. சமூக நிலையத்தில் வகுப்பு எடுத்த மலாய் வாத்தியாருக்கு மட்டும் அதைக் கேட்டால் காது வலித்ததாம். அது கடைத்தெரு மலாய் என்றுவிட்டார். ஒழுங்கான மலாயில் சாமான் முன்னால் வரவேண்டும், சொந்தக்காரன் அதற்குப் பின்னால்தான் நிற்கவேண்டும். 'ரூமா சாயா', அதாவது வீடு என்னுது. நடுவில் 'பூஞா'வுக்கு வேலையே கிடையாது. பெரிய வீடு என்றாலும் 'ரூமா பெசார்' தான். வீடு முதலில், பெரிசு பிறகு.

அப்பா இதைச் சாப்பாட்டு நேரத்தில் எங்களுக்கு விளக்குவார். "நம்ம பாஷையில 'அந்தப் பழைய மர நாற்காலி'ன்னு சொல்றோம்ல? தீவட்டி முன்னால, மேளம் அதுக்குப் பின்னால, கடைசியாத்தான் சாமி. மலாய்ல சாமி மொதல்ல வந்துருது. மேளக்காரன், தீவட்டிக்காரன் எல்லாம் பின்னால ஓடி வர்றான். 'அந்த'ங்கறவன்தான் கடைசி ஆளு."

அவருக்கு ஒரே ஒரு சந்தோஷம், நாங்கள், நாம் என்று நம்மிடம் இருக்கிற வித்தியாசம் மலாயிலும் அப்படியே இருந்தது. எதிரில் இருப்பவரை விட்டுவிட்டுச் சொன்னால் 'காமி', அவரையும் சேர்த்துக்கொண்டால் 'கித்தா'. வெள்ளைக்காரத் துரைமார் இந்த இடத்தில் தலைகீழாக நின்று தண்ணீர் குடிக்கிறார்களாம். நமக்கு அது அல்வா என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

நான் அவருடைய இளைய மகள் சிவகாமசுந்தரி. ராஃபிள்ஸ் பிளேசில் ஒரு கம்பெனியில் டெலிபோன் போர்டில் வேலை. நாள் முழுக்க யாரோ யாரையோ திட்டுவதற்கு நான் ஒயரைச் சொருகிக் கொடுத்துக்கொண்டிருப்பேன். அதனாலோ என்னவோ, வீட்டுக்கு வந்தால் என் வாய் சும்மா இருக்காது. இந்த வாய்க்குப் பயந்துதான் எனக்கு மாப்பிள்ளை அமையவில்லை என்பது அம்மாவின் கட்சி. அம்மா பெயர் ரத்தினம்மா. அவளிடமிருந்துதான் எனக்கு இந்த வாய் வந்தது என்பது என் கட்சி.

அந்த வருஷம் வடக்கே நீ சூன் என்கிற இடத்திலிருந்து ஒரு வரன் வந்தது. பையன் பெயர் கோவிந்தசாமி. ஜூரோங்கில் சதுப்பை மேடாக்கித் தொழிற்பேட்டை போட்டுக்கொண்டிருந்தார்களே, அங்கே நில அளவைப் பிரிவில் வேலை. போட்டோ அனுப்பியிருந்தார்கள். எனக்கு அதற்குமுன் வந்த போட்டோக்களில் எல்லா மாப்பிள்ளைகளும் ஸ்டூடியோக்காரனுடைய கோட்டைப் போட்டுக்கொண்டு ஸ்டூடியோக்காரனுடைய நிலாவுக்குக் கீழே நின்றார்கள். இவன் முழங்கால்வரை சேற்றோடு, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, வேலை செய்கிற இடத்தில் நின்றிருந்தான். இதைப் போய் யாராவது பெண் வீட்டுக்கு அனுப்புவார்களா என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். எனக்கு அப்போதே பிடித்துவிட்டது. வெட்கம் என்ன வெட்கம், பிடித்ததைப் பிடித்தது என்றுதானே சொல்லவேண்டும்.

ஆனால் பிடித்துப்போனதில்தான் சங்கடம். என் அக்கா பூவம்மாவைப் பெண் பார்க்க வந்தபோது அம்மா ஒரு ஜோடிக் கங்கணத்தை இரவல் வாங்கிப் போட்டுவிட்டாள். கல்யாணத்தில் அந்தக் கங்கணம் இல்லை. அக்காவின் மாமியார் ஒரு வார்த்தை சண்டை போடவில்லை. ஒவ்வொரு தீபாவளிக்கும், 'அந்தக் கங்கணத்தை எங்கம்மா வச்சே, போட்டுக்கயேன்' என்று சிரித்துக்கொண்டே கேட்பாள், அவ்வளவுதான். அக்கா கிள்ளானிலிருந்து வரும்போதெல்லாம் என் மடியில் படுத்து அழுவாள். புருஷன் தங்கமானவன், பிள்ளைகள் இருக்கிறார்கள், ஆனாலும் அந்த வீட்டில் அவள் ஏமாற்றி நுழைந்தவளாகவே இருந்தாள். நான் அன்றைக்கே தீர்மானம் பண்ணினேன். கல்யாணம் நடந்தாலும் சரி, நடக்காவிட்டாலும் சரி, இரவல் சாமானைக் காட்டி நான் ஒரு வீட்டுக்குள் போகமாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருவதாகத் தகவல் வந்ததும் அம்மாவிடம் இதைச் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே கீழே இறங்கிப்போய் இரவல் வாங்கிக்கொண்டு வந்தாள்.

நாங்கள் கஃப் ரோட்டில் ஒரு கடைவீட்டின் மாடியில் இருந்தோம். ஒட்டின பக்கத்துக் கடைவீட்டு மாடியில் ஜலாலுதீன் பாய் குடும்பம். நாகூர்ப் பக்கத்துக்காரர்கள், கீழே அவருக்குத் துணிக்கடை. பாய் ஒல்லி என்றால் அப்படி ஒரு ஒல்லி. குடையைச் சாத்தி வைத்த மாதிரி இருப்பார். அவர் மனைவி ருக்கையா அக்கா இரண்டு ஆளுக்குச் சமம், மனசும் அப்படியே. அம்மா ஒன்று கேட்டால் அவர் நாலு எடுத்துக் கொடுப்பார். சனிக்கிழமை பகலில் பாய் வீட்டிலிருந்து இரண்டு பெரிய குஷன் நாற்காலி வந்தது. அப்புறம் ஒரு சுவர்க் கடிகாரம் வந்தது. ருக்கையா அக்காவின் வாப்பா சேக் தாவூது கல்யாணத்துக்குக் கொடுத்த எவர்சில்வர் தட்டுகள் வந்தன. கடைசியாக அவர்கள் மகள் ஜரீனா தன் கழுத்துச் சங்கிலியையே கழற்றி என் கையில் வைத்தாள். ஜரீனா என் சிநேகிதி. நான் வேண்டாம் வேண்டாம் என்று தலையாட்ட, அவள் என் காதோடு, போட்டுக்கடி, மாப்பிள்ளை நல்லா இருக்கான்லா என்றாள்.

எங்கள் சொந்த நாற்காலியை அடுப்படிக்கு அனுப்பிவிட்டார்கள். அப்பாவின் நாற்காலி அது. ஒரு கால் கட்டையாகி, அதற்குக் கீழே மடித்த அட்டை வைத்திருக்கும். அட்டை இல்லாமல் உட்கார்ந்தால் உப்பைக் கேட்பதற்குள் ஒருமுறை ஆடிவிடும்.

இரவல் சாமான் வந்ததில் வீட்டிலேயே அதிகம் பூரித்துப்போனவர் அப்பாதான். காரணம் வேறு. அதுவரை அவர் எழுதிய சீட்டெல்லாம் 'சாயா'வில்தான் முடியும். கதவு என்னுது, சட்டி என்னுது. மற்றவர் பொருளை எழுதிப் பழகு என்று வாத்தியார் சொல்லியிருந்தார். எங்கள் வீட்டில் மற்றவர் பொருளுக்கு அவர் எங்கே போவார்? இப்போது ஒரே நாளில் வீடு நிறைய மற்றவர் பொருள். உடனே பசையைக் காய்ச்சிவிட்டார். கடிகாரத்துக்கு 'ஜாம் ருக்கையா' என்றும், நாற்காலிக்குக் 'கெருசி' என்று தொடங்கி நீளமாகவும் எழுதினார். சங்கிலிக்குக்கூட 'ரந்தாய் ஜரீனா' என்று எழுதிக்கொண்டு என் கழுத்தை நோக்கி வந்தார். அம்மா கரண்டியைக் காட்டியதும் திரும்பிப்போனார்.

அம்மா சீட்டுகளை ஏன் கிழித்துப் போடவில்லை என்று கேட்பீர்கள். நம்மவர்கள் பாத்திரத்தில் பெயர் வெட்டுவது எதற்கு? விசேஷத்தில் சாமான் மாறிப்போகாமல் இருக்கத்தானே. அந்த வழக்கத்தில் ஊறியவள் அம்மா. யாரிடம் வாங்கியது என்று சீட்டு இருந்தால் திருப்பிக் கொடுக்கச் சௌகரியம் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லாச் சீட்டையும் பின்பக்கமாக மாற்றி ஒட்டுங்கள் என்று மட்டும் உத்தரவு போட்டாள். தவறிக் கண்ணில் பட்டாலும் நீ சூன்காரர்களுக்கு மலாய் படிக்கவா தெரியும் என்றாள். ஊரெல்லாம் ஒரே பாடத்தைப் படித்துக்கொண்டிருந்த வருஷத்தில் அப்படி ஒரு நம்பிக்கை. எனக்கு அது தோன்றியது. ஆனால் கோபத்தில் வாயைத் திறக்கவில்லை.

அப்பா எல்லாச் சீட்டையும் பின்பக்கம் மாற்றினார், ஒன்றைத் தவிர. ஒரு குஷன் நாற்காலியின் முதுகுப் பின்னால் பிரம்புப் பின்னல், ஒட்டினால் நிற்கவில்லை. அதனால் உட்காருகிறவர் சாய்கிற பலகையிலேயே, எழுத்து தெரியாமல் கவிழ்த்து, இரண்டு பக்கமும் புதுப் பசை வழிய ஒட்டி, அதன்மேல் குஷனைச் சாத்தி வைத்துவிட்டார்.

ஞாயிறு மதியம் மூன்று மணிக்கு வருவதாகச் சொன்னவர்கள் இரண்டரைக்கே வந்தார்கள். அப்பா ஜன்னலில் எட்டிப் பார்த்து, 'துவா ஓராங்', இரண்டு பேர், என்று எண்ணினார். ஆட்டை எண்ண ஒரு சொல், ஆளை எண்ண ஒரு சொல் என்று மலாயில் பிரித்து வைத்திருக்கிறார்கள். சம்பந்தி வீட்டாரை ஆள் கணக்கில் சேர்த்ததே பெரிசு என்று அம்மா முணுமுணுத்தாள். வந்தது கோவிந்தசாமியும் அவன் அம்மா முத்தாயியும் மட்டும்தான். ஊரைக் கூட்டிக்கொண்டு வராததே எனக்குப் பிடித்தது.

முத்தாயி அத்தை கனத்த சரீரம், கம்மிப் பேச்சு. கண் மட்டும் ஒரு இடத்தில் நிற்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், நாற்காலியை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார். பிறகு, எனக்கு முதுகுவலி, மெத்தை ஆகாது என்று குஷனை உருவி மடியில் வைத்துக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்தார். அப்பா முகத்தில் ஒரு நிழல் ஓடியது. அப்போது எனக்கு ஏன் என்று தெரியவில்லை.

அம்மா கேசரியை அந்த எவர்சில்வர் தட்டுகளில் வைத்து, சேக் தாவூது பெயர் வெட்டியிருந்த விளிம்புவரைக்கும் பரப்பி அனுப்பினாள். நான் கொண்டுபோய்க் கொடுத்தேன். கோவிந்தசாமி போட்டோவில் கண்ணைச் சுருக்கிய மாதிரியே நேரிலும் சுருக்கினான். வெயில் இல்லாத இடத்திலும் அவன் கண் அப்படித்தான். மணிக்கட்டில் பளபளவென்று ஒரு கடிகாரம், கொஞ்சம் தொளதொளவென்று. என்ன வேலை, எந்த ஊர், சமைக்கத் தெரியுமா என்பதெல்லாம் நடந்தது. டெலிபோன் வேலையைக் கல்யாணத்துக்கு அப்புறமும் பார்ப்பியா என்று முத்தாயி அத்தை கேட்டார். பார்ப்பேன் என்றேன். அம்மா இருமினாள். அத்தை தலையை ஆட்டிக்கொண்டார், அது சரி என்றா தப்பு என்றா தெரியவில்லை. சுவரில் ருக்கையா அக்காவின் கடிகாரம் திடீரென்று ஏழு அடித்தது. மணி மூன்றுகூட ஆகவில்லை. எங்க வீட்டுக் கடிகாரம் கொஞ்சம் அவசரக்காரன் என்று அம்மா சிரித்தாள்.

அந்த 'எங்க வீட்டு' என்ற வார்த்தை என்னைச் சுருக்கென்று குத்தியது. அக்காவின் கங்கணம் ஞாபகம் வந்தது. ஜரீனாவின் சங்கிலி கழுத்தில் அரித்தது.

அப்போதுதான் முத்தாயி அத்தை எழுந்தார். "பொண்ணு எங்களுக்குப் புடிச்சிருக்கு. பூ வச்சிட்டுப் போறோம்" என்றார்.

பூ வைத்துவிட்டால் முடிந்தது. எங்களில் அதற்கப்புறம் பேச்சு மாறக்கூடாது. அம்மா கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அத்தை தான் கொண்டுவந்த தாம்பாளத்திலிருந்து மல்லிகைச் சரத்தை எடுக்க மேசைப் பக்கம் திரும்பினார். திரும்பியதும் அவருடைய முதுகு எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது. பச்சைப் பட்டுச் சேலைக்கு நடுவில், கொட்டை எழுத்தில், ஒரு காலண்டர் தாள்: 'கெருசி ஜலாலுதீன் பெசார்'.

அப்பா நாற்காலியைத் திரும்பிப் பார்த்தார். நான் எட்டி எடுப்பதற்குள் கோவிந்தசாமி எழுந்து, தன் அம்மாவின் முதுகில் தூசி தட்டுகிற மாதிரி அதைப் பிய்த்துவிட்டான். எடுத்தவன் படித்தான். படிக்கும்போது உதடு அசைந்தது. அந்த உதடு அசைவு எனக்கு நன்றாகத் தெரியும், அது மலாய்ப் பரீட்சைக்குப் படிக்கிறவர்களின் உதடு. படித்து முடித்து நாற்காலியைப் பார்த்தான், அப்புறம் கடிகாரத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

என்னப்பா அது என்று அத்தை கேட்டார்.

"ஒண்ணுமில்லமா, தாளு" என்று மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

காப்பாற்றிவிட்டான். அம்மா மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. எனக்கும் ஒரு நிமிஷம் உடம்பெல்லாம் லேசானது, இல்லை என்று சொல்லமாட்டேன். வாயை மூடிக்கொண்டு தலையைக் குனிந்தால் போதும், நான் விரும்பின ஆள் எனக்குக் கிடைத்துவிடுவான். ஆனால் அவன் பையில் அந்தத் தாள் இருக்கும். இன்றைக்குப் பாவம் என்று மறைத்தான். நாளைக்கு ஒரு சண்டையில் அதை எடுத்து நீட்டினால்? நீட்டாமலேயே இருந்தாலும், அவன் சிரிக்கும்போதெல்லாம் நான் அந்தப் பையைத்தானே பார்த்துக்கொண்டிருப்பேன்? அக்கா கதை எனக்கும் வேண்டாம். அத்தை சரத்தோடு என் பக்கத்தில் வந்து கையைத் தூக்கினார். நான் ஒரு அடி பின்னால் நகர்ந்தேன்.

"அத்தை, பூ வைக்கறதுக்கு முன்னால ஒண்ணு சொல்லணும். நீங்க உக்காந்த நாற்காலி எங்களது இல்ல. பக்கத்து வீட்டு ஜலாலுதீன் பாய் நாற்காலி. கடிகாரம் அவங்க வீட்டம்மாவோடது. கேசரி சாப்பிட்ட தட்டும் அவங்களதுதான். இந்தச் சங்கிலி என் சிநேகிதி ஜரீனாவோடது. அந்தத் தாள்ல அதுதான் எழுதியிருக்கு."

அம்மா, அடிப்பாவி என்று மெதுவாகச் சொன்னாள். கீழே தெருவில் ஐஸ் தண்ணீர்க்காரன் மணி அடித்துக்கொண்டு போனான். அத்தை தூக்கிய கையை இறக்கி, சரத்தைத் திரும்பத் தாம்பாளத்தில் வைத்தார். அதை வைத்த விதத்தைப் பார்த்து, போச்சு என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால் மனசு லேசாகும் என்பார்களே, அதெல்லாம் சும்மா. எனக்கு அழுகை வந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் என் அப்பா, உலகத்தில் வேறு எந்த அப்பாவுக்கும் வராத சந்தேகத்தைக் கேட்டார். "தம்பி, நீங்களும் பரீட்சைக்குப் படிக்கிறீங்களோ? நான் எழுதினது சரிதானே? சொந்தக்காரனைப் பின்னாலதானே வச்சிருக்கேன்?"

கோவிந்தசாமி தாளை எடுத்துப் பார்த்தான். "சொந்தக்காரர் சரிதான் மாமா. ஆனா 'பெசார்' நாற்காலிக்குப் பக்கத்துல வரணும், கெருசி பெசார் ஜலாலுதீன். நீங்க எழுதியிருக்கறதைப் பாத்தா பாய்தான் பெரிய ஆளுன்னு ஆகுது."

குடையைச் சாத்தி வைத்த மாதிரி இருக்கிற பாயை நினைத்து, அழுதுகொண்டிருந்த எனக்குச் சிரிப்பும் வந்து மூக்கால் தண்ணீர் வந்துவிட்டது. கோவிந்தசாமி என்னைப் பார்த்துக்கொண்டே மணிக்கட்டிலிருந்த கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்தான். இது எங்க ஆபீஸ் வடிவேலுவோடது என்றான்.

முத்தாயி அத்தை மகனை முறைத்தார். "நாந்தான் கட்டிக்கிட்டு வரச் சொன்னேன்" என்றார் எங்களிடம், சமாதானமாக இல்லை, சண்டை மாதிரியே. பிறகு அம்மா பக்கம் திரும்பினார். "ரத்தினம்மா, இவனுக்குப் பொண்ணு பாக்கறேன்னு நானும் எத்தனையோ வீடு ஏறி எறங்கிட்டேன். எல்லா வீட்டுலயும் புது நாற்காலிதான் போட்டாங்க. அப்ப அவங்க தெனமும் உக்கார்ற நாற்காலியெல்லாம் எங்க இருக்குன்னு நான் நெனைச்சுப்பேன். உங்க நாற்காலி எங்க?"

அம்மா அடுப்படிப் பக்கம் பார்த்தாள். அடுப்படியில இருக்கு என்று நான் சொன்னேன்.

"கொண்டா."

நான் போய்த் தூக்கிக்கொண்டு வந்தேன். அவசரத்தில் அட்டையை மறந்துவிட்டேன். அப்பா ஓடிப்போய் அட்டையை எடுத்துவந்து, அந்தக் கட்டைக் காலுக்குக் கீழே மண்டியிட்டு வைத்தார். முத்தாயி அத்தை பட்டுச் சேலையைச் சரி பண்ணிக்கொண்டு, பாய் வீட்டு நாற்காலியைத் தாண்டிவந்து, எங்கள் நாற்காலியில் உட்கார்ந்தார். அது ஒருமுறை ஆடியது. அவர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அந்தச் சங்கிலியைக் கழட்டி வை" என்றார். கழற்றி மேசையில் வடிவேலுவின் கடிகாரத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். "இப்ப இங்க வந்து குனி."

குனிந்தேன். மல்லிகைச் சரம் என் தலையில் ஏறியது. அம்மா வாய்விட்டு அழுதாள். ருக்கையா அக்கா நடுச்சுவருக்கு அந்தப் பக்கம் காதை வைத்துக்கொண்டே இருந்திருப்பார் போல, உடனே ஒரு குலவை கேட்டது.

அப்பா அந்தப் பரீட்சையில் பாஸ் பண்ணினார். உங்கள் வீட்டைப் பற்றிச் சொல்லுங்கள் என்று கேட்டார்களாம். இது என் நாற்காலி, அது பக்கத்து வீட்டுக்காரர் நாற்காலி என்று நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாராம். 'பெசார்' இந்தத் தடவை சரியான இடத்தில் வந்ததாம். பாய்க்கு இந்த விஷயம் எட்டிப்போய், என்னைப் பெரிய ஆள்னு எழுதினதே சரி, ஏன் திருத்தினீங்க என்று கேட்டார்.

கல்யாணமாகிச் சில வருஷம் கழித்து எங்களுக்குப் புக்கிட் மேராவில் வீடு கிடைத்தது. அப்பா சீர்வரிசையோடு அந்த நாற்காலியையும் லாரியில் ஏற்றிவிட்டார். அதன் முதுகில் அவர் சீட்டு இருந்தது, 'கெருசி பூருக் சாயா', மோசமான நாற்காலி, என்னுது. நான் 'சாயா'வை அடித்துவிட்டு 'கித்தா' என்று எழுதினேன். நம்முது. அவர் அதைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கினார். கோவிந்தசாமியை நான் இப்போது 'அவர்' என்றுதான் சொல்லவேண்டும், கல்யாணமாகிவிட்டதல்லவா.

அதற்கப்புறம் தவணைக்குப் புது சோபா செட் ஒன்று வாங்கினோம். அத்தை பார்க்க வந்தார். வாசலிலேயே நின்று சோபாவை ஒரு பார்வை பார்த்தார். முகம் சுருங்கிவிட்டது.

"பழைய நாற்காலி எங்க?" என்றார்.

"அடுப்படிக்கு அனுப்பல அத்தை, கூடத்துலதான் இருக்கு, உள்ள வாங்க" என்றேன்.